நாய், பூனையோடு ஒட்டிப் பழகினால் நோய் வருமா?

கேள்வி இதுதான். வீட்டில் ஒரு நாய், ஒரு பூனை. நாய் நாலு வயது மகனின் முகத்தை நக்கும். அவனும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுப்பான். பூனை இரவில் தலையணைமேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். கேட்பவர் இப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. முடி வயிற்றுக்குள் போய்விடும், பூனையால் கரு கலைந்துவிடும் என்று சொல்லி, இரண்டையும் யாருக்காவது கொடுத்துவிடும்படி வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்துகிறார்கள். கொடுத்துத்தான் ஆகவேண்டுமா?

வேண்டியதில்லை. பெரியவர்களின் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பயப்படும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. அவர்கள் முடியை முதலில் வைக்கிறார்கள், பூனையை அடுத்து வைக்கிறார்கள். கால்நடை மருத்துவன் என்ற முறையில் என்னைக் கேட்டால், உங்கள் வீட்டில் முதல் ஆபத்து பல். அடுத்தது எச்சில். அதற்குப் பிறகு மலமும் தெள்ளுப்பூச்சியும். முடி கடைசியில்தான் வரும்.

முடியை முதலில் பேசி முடித்துவிடலாம். நாய் முடியோ பூனை முடியோ ஒன்றிரண்டு வயிற்றுக்குள் போனால் மலத்தோடு வெளியே வந்துவிடும். கட்டியாகாது, கருவை எட்டாது. தும்மல், கண் அரிப்பு, ஆஸ்துமா இவற்றுக்குக்கூட முடியை நேரடியாகக் குற்றம் சொல்ல முடியாது. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உண்டாகும் ஃபெல் டி 1 என்ற புரதம்தான் பெரும்பாலும் காரணம். பூனை உடம்பை நக்கிக்கொள்ளும்போது அது முடியில் படிந்து, காய்ந்து, தூசியாகப் பறக்கிறது. நாய்க்கும் இதேபோன்ற புரதங்கள் உண்டு. துகள் மிக நுண்ணியது என்பதால் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஒட்டிக்கொண்டு, பூனை வீட்டைவிட்டுப் போன பிறகும் மாதக்கணக்கில் இருக்கும். முடி கொட்டாத இனம் வாங்கினால் ஒவ்வாமையே வராது என்பதெல்லாம் விற்பவர்களின் பேச்சு. வீட்டில் யாருக்காவது இளைப்பு இருந்தால் படுக்கையறைக்குள் விலங்கை விடாதீர்கள். இல்லையென்றால் முடியை மறந்துவிடலாம்.

இப்போது பல்லுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்தியது பூனை இல்லை. மகன் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான். நாலு வயதுக் குழந்தையின் முகமும் நடுத்தர அளவு நாயின் வாயும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். அதனால்தான் சிறு குழந்தைகளுக்கு நாய்க்கடி பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் கழுத்திலும் விழுகிறது. கடிப்பதும் பல சமயம் குழந்தைக்கு நன்றாகப் பழகிய நாயாகவே இருக்கும். "ஒருநாளும் கடித்ததில்லையே, திடீரென்று கடித்துவிட்டது" என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். திடீரென்று கடிக்கும் நாய் அபூர்வம். மனிதர்களுக்குக் கட்டிப்பிடிப்பது அன்பு. பல நாய்களுக்கு அது அசையவிடாமல் பிடித்துவைப்பது.

அடுத்தமுறை மகன் கட்டிக்கொள்ளும்போது அவனை விட்டுவிட்டு நாயை மட்டும் பாருங்கள். முகத்தை மறுபக்கம் திருப்புகிறதா? தூக்கமே இல்லாத நேரத்தில் கொட்டாவி விடுகிறதா? தீனி எதுவும் இல்லாதபோது தன் உதட்டையே நக்கிக்கொள்கிறதா? காதைப் பின்னால் மடக்கி, விழியோரத்தில் வெள்ளை தெரியும்படி ஓரக்கண்ணால் பார்க்கிறதா? இதில் ஒன்றைப் பார்த்தாலும் அது "போதும், விடு" என்று சொல்கிறது என்று பொருள். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமியதற்கு அடி வாங்கிய நாய், அடுத்தமுறை உறுமாமல் நேரே கடிக்கும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயின் அருகே போகக்கூடாது, தொடுவதானால் மார்பிலும் தோளிலும் தடவவேண்டும், முகத்தோடு முகம் வைக்கக்கூடாது என்று மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவன் கற்றுக்கொள்ளும்வரை பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். கைபேசியில் கண்ணை வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது இந்தக் கணக்கில் வராது.

கடி என்றாலே ரேபிஸ் நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதில் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. மனிதருக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்கு 99 நாய்வழியாக வருவது. அறிகுறி தொடங்கிவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. அறிகுறிக்கு முன்பு முறையாகச் சிகிச்சை எடுத்தால் கிட்டத்தட்ட எல்லோரும் பிழைக்கிறார்கள். இத்தனை வித்தியாசம் உள்ள நோய் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்டது நக்குவதைப் பற்றி என்பதால் அதையும் சொல்கிறேன். காயமில்லாத தோலை நக்கினால் ரேபிஸ் வராது. தொடுவதும் தீனி கொடுப்பதும் அப்படியே. ஆனால் புண்ணையோ, கீறலையோ, உதட்டின் உட்புறத்தையோ, கண்ணையோ நோயுள்ள நாய் நக்கினால் அது ஆழமான கடிக்குச் சமமாகவே கணக்கிடப்படும். அப்போது தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப்பொருளான இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். ரத்தம் வராத சிறு பிராண்டலுக்கும் தடுப்பூசி உண்டு.

பல் பட்டவுடன் செய்யவேண்டியது, குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுவது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மனக்கணக்கில் 15 நிமிடம் என்பது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மேலே எதையும் அப்பாமல், கட்டுப்போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டுப் பிறகு ஊசி போடலாம் என்று சிலர் சொல்வார்கள். நாயைக் கவனிக்கும் அந்தப் பத்து நாளும் சிகிச்சையோடு சேர்ந்தே ஓடவேண்டியது. ரேபிஸ் உள்ள இடங்களில் முதல் ஊசியை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. உங்கள் நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போட்டிருந்தால் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், மீதியை மருத்துவர் முடிவுசெய்யட்டும். கர்ப்பம் இந்தத் தடுப்பூசிக்குத் தடை இல்லை. பூனைக்கும் ரேபிஸ் வரும், பூனைக்கும் ஊசி போடவேண்டும். இதை ஏனோ பலர் மறந்துவிடுகிறார்கள்.

பூனையின் கடி பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். விரல் மூட்டில் இரண்டு சின்னப் புள்ளி, ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். துடைத்துவிட்டு மறந்துவிடுவீர்கள். பூனைப்பல் மெல்லியது, கூரானது. தோலைத் துளைத்துத் தசைநாரின் உறைவரைக்கும் மூட்டுவரைக்கும் போய், பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகளை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்துவிடும். மேலே துளை உடனே மூடிக்கொள்ளும். மறுநாள் காலையில் விரல் சிவந்து வீங்கி, மடக்க முடியாமல் விண்விண்ணென்று தெறிக்கும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், கையில் பூனை கடித்து வந்த 193 பேரில் 57 பேரை மருத்துவமனையில் சேர்க்கவேண்டியிருந்தது. அதில் 38 பேருக்கு அறுவைசிகிச்சை செய்து காயத்தைச் சுத்தம் செய்தார்கள். எனவே கையில் பூனைப்பல் ஆழமாக இறங்கினால், வீங்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

பிராண்டல் வேறு கதை. குட்டிப்பூனை பிராண்டிய இடத்தில் ஒரு சின்னக் கொப்புளம் வரும். ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து அந்தப் பக்கத்து அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டும், லேசான காய்ச்சல் இருக்கும். அதற்குள் பிராண்டியதே மறந்துபோயிருக்கும் என்பதால் எதனால் நெறி கட்டியது என்று தெரியாமல் சோதனைமேல் சோதனையாகச் செய்துகொண்டிருப்பார்கள். காரணம் பார்டோனெல்லா என்ற பாக்டீரியா. அதைப் பூனையிலிருந்து பூனைக்குக் கடத்துவது தெள்ளு. தெள்ளின் எச்சம் நகத்தில் ஒட்டிக்கொண்டு நம் தோலுக்குள் வருகிறது. உடல்நலத்தோடு இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். தெள்ளை ஒழித்து நகத்தை வெட்டிவிட்டால் இந்தக் கவலை அநேகமாகத் தீர்ந்தது.

இனி எச்சில். நாயின் வாய் மனிதன் வாயைவிடச் சுத்தம் என்று ஒரு பேச்சு உண்டு. அதன் வாயில் இருப்பவை வேறு கிருமிகள் என்பதுதான் உண்மை. நல்ல தோலில் அவை ஒன்றும் செய்வதில்லை. பெரும்பாலான நாய்களின் வாயில் கேப்னோசைட்டோஃபாகா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. நாய் வளர்ப்பவர்களில் மிகமிகப் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்நாள் கழிந்துவிடும். ஆனால் மண்ணீரல் எடுக்கப்பட்டவர், குடியால் கல்லீரல் கெட்டவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் போன்றவர்களுக்கு அதே கிருமி ஒரு சின்னக் காயத்தை நக்கியதிலிருந்தே ரத்தத்தில் பரவி, சில நாட்களில் விரல்கள் அழுகும் நிலைவரை கொண்டுபோயிருக்கிறது. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், நாய் அவரை நக்கவே கூடாது என்பதைக் கண்டிப்பான சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறக்கப்போகும் குழந்தைக்கும் முதல் சில மாதங்கள் இதே சட்டம்தான். பச்சிளங்குழந்தையின் முகத்தையும் கையையும் நாயோ பூனையோ நக்கி, பாஸ்டுரெல்லாவால் மூளைக்காய்ச்சல் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான். ஆனால் தவிர்ப்பது இவ்வளவு சுலபமாக இருக்கும்போது அபூர்வம் என்று சொல்லித் தேற்றிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

மகன் விஷயத்தில் நான் அவ்வளவு கெடுபிடி செய்யமாட்டேன். கையை, காலை, கன்னத்தை நாய் நக்கினால் சோப்பு போட்டுக் கழுவினால் போதும். வாய், மூக்கு, கண், புண் இந்த நான்கும் கூடாது. ஏனென்றால் நாயின் நாக்கு கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எங்கே இருந்தது என்று நமக்குத் தெரியும்.

பூனையும் கர்ப்பமும் என்பதுதான் பெரியவர்களின் பெரிய கவலை. அதற்கு அடிப்படை இருக்கிறது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கர்ப்பகாலத்தில் தாய்க்கு முதன்முறையாகத் தொற்றினால் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகலாம். கருச்சிதைவு, குழந்தையின் கண்ணிலும் மூளையிலும் பாதிப்பு என்று விளைவுகள் கடுமையாக இருக்கலாம். இந்த ஒட்டுண்ணி முட்டை விடுவது பூனை இனத்தின் குடலில் மட்டும்தான். இதுவரை பெரியவர்கள் சொல்வது சரி.

ஆனால் மீதியைக் கேளுங்கள். பூனை இந்த முட்டையை மலத்தோடு வெளியேற்றுவது பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை, முதல் தொற்றின்போது, ஒன்று முதல் மூன்று வாரம்வரை. எலி, பறவை, பச்சை மாமிசம் தின்ற பூனைக்குத்தான் பெரும்பாலும் அந்தத் தொற்று வரும். வெளியேறிய முட்டை உடனே நோயைப் பரப்பாது. முதிர்வதற்கு ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். பூனை எப்போதும் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டே இருப்பதால் முடியில் முதிர்ந்த முட்டை இருப்பதும் அரிது. அதாவது பூனையைத் தடவுவதால் இது வருவதில்லை. ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் கர்ப்பிணிகளை வைத்து நடந்து 2000-ல் வெளியான ஆய்வு, முக்கியக் காரணம் சரியாக வேகாத மாமிசம் என்றும், அடுத்தது மண் என்றும், பூனையோடு பழகுவது ஆபத்துக் காரணியாகத் தெரியவில்லை என்றும் சொன்னது. ஆகவே பூனையை வெளியேற்றிவிட்டு அரைவேக்காட்டு மாமிசத்தைச் சாப்பிட்டால் ஒரு பலனும் இல்லை.

செய்யவேண்டியது இவ்வளவுதான். பூனை மலம் கழிக்கும் மணல்தட்டைத் தினமும் சுத்தம் செய்யவேண்டும், அந்த வேலையை வீட்டில் வேறொருவர் செய்யவேண்டும். தினமும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அந்த முதிரும் கால அவகாசம். முதிர்வதற்குள் அள்ளிக் கொட்டிவிட்டால் அது யாருக்கும் தீங்கு செய்யாது. தோட்டத்து மண்ணில் கைவைத்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்; ஈரமண்ணில் முட்டைகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். பூனையை வெளியே வேட்டைக்கு விடாதீர்கள், பச்சை மாமிசம் கொடுக்காதீர்கள். இந்த நேரத்தில் புதிதாகக் குட்டிப்பூனை எதையும் வீட்டுக்குள் எடுத்து வராதீர்கள். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் டாக்சோபிளாஸ்மா ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். முன்பே தொற்று வந்துபோயிருந்தால், நோய் எதிர்ப்புச்சக்தி சரியாக உள்ளவருக்கு இந்தக் கர்ப்பத்தில் பயமில்லை.

மலத்தின் வழியே வரும் மற்றொரு கூட்டம் புழுக்கள். நாய்க்குட்டிகள் பலவும் பிறக்கும்போதே உருளைப்புழுவோடு பிறக்கின்றன. தாயின் வயிற்றிலேயே தொற்றிவிடும். மலத்தோடு வரும் முட்டை மண்ணில் சில வாரம் கிடந்து முதிர்ந்த பிறகு, மண்ணில் விளையாடிய குழந்தையின் கைவழியாக வாய்க்குப் போகும். அந்தப் புழு மனிதக் குடலில் வளராது. வழிதெரியாமல் கல்லீரல், நுரையீரல் என்று அலையும். சில சமயம் கண்ணுக்குள் போய்ப் பார்வையைக் கெடுக்கும். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்கால் தோலைத் துளைத்து உள்ளே போய், வளைந்து வளைந்து நகரும் சிவந்த கோடாகத் தெரியும், அரிப்பு தாங்காது. குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்தே பூச்சிமருந்து தொடங்கவேண்டும் என்பது இதற்காகத்தான். வளர்ந்த நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுங்கள்.

முடிக்குப் பயப்படத் தேவையில்லை என்றேன். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. எக்கினோகாக்கஸ் என்ற சின்ன நாடாப்புழுவின் முட்டை வெளியே வந்த உடனேயே தொற்றக்கூடியது, நாயின் முடியிலும் ஒட்டிக்கொள்ளும். அது மனிதருக்குள் போனால் கல்லீரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி பல ஆண்டுகள் மெல்ல வளரும். நாய்க்கு இது வருவது ஆடுமாடுகளின் ஈரல், நுரையீரல் போன்ற உள்ளுறுப்புகளைப் பச்சையாகத் தின்பதால். ஐஸ்லாந்தில் ஒருகாலத்தில் இந்த நோய் தலைவிரித்தாடியது. அதன் தலைநகரான ரெய்க்ஜாவிக்கில் 1924-ல் நாய் வளர்ப்பதையே தடைசெய்தார்கள், 1984-ல்தான் தளர்த்தினார்கள். பச்சை ஈரல் போடாத வீட்டில், நாடாப்புழுவுக்கான பிராசிகுவான்டெல் சேர்ந்த மருந்தை முறையாகக் கொடுக்கும் வீட்டில், இந்தக் கவலை வேண்டாம். எல்லாப் பூச்சிமருந்திலும் இது இருக்காது, கேட்டு வாங்குங்கள்.

கட்டில் விஷயத்துக்கு வருகிறேன். விலங்குகளோடு ஒரே படுக்கையில் தூங்குவதைப் பற்றி 2011-ல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வந்த கட்டுரை, பிளேக் உட்படப் பல நோய்கள் அப்படித் தொற்றிய நிகழ்வுகளைத் தொகுத்தது. எண்ணிக்கையில் அவை சொற்பம். கட்டிலில் உண்மையாகப் பார்க்கவேண்டியது தெள்ளும் உண்ணியும் தோல்நோயும்தான். தெள்ளு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பல் நெருக்கமான சீப்பால் வாலடி முதுகை வாருங்கள். விழும் கறுப்புத் துகள்களை நனைந்த வெள்ளைக் காகிதத்தில் தட்டிவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை பரவினால் அது தெள்ளின் எச்சம், அதாவது உங்கள் பூனையின் செரித்த ரத்தம். வெறும் அழுக்காக இருந்தால் நிறம் மாறாது. அதே வாலடியில் அரிசிமணிபோல் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. அந்தப் புழு குழந்தைக்குப் போவது, தெரியாமல் ஒரு தெள்ளை விழுங்குவதால். தெள்ளு மருந்தை வீட்டிலுள்ள எல்லா விலங்குகளுக்கும் ஒரே நாளில் போடுங்கள், போர்வையைச் சுடுநீரில் துவையுங்கள். ஒரு எச்சரிக்கை: பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

படர்தாமரை நாய்பூனையிடமிருந்து வரும், குறிப்பாகக் குட்டிப்பூனையிடமிருந்து. வட்டமாக முடி கொட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். சில பூனைகளில் ஒன்றுமே தெரியாது. நாய்ச்சொறி நம் தோலில் அரிப்பைக் கிளப்பும், ஆனால் அந்தப் பூச்சி மனிதத் தோலில் நிலைக்காது. நாய்க்கு மருந்து போட்டால் நமக்கும் போய்விடும்.

ஆமை, கிளி, வெள்ளெலி வாங்கும் எண்ணம் இருந்தால் இந்தப் பிரசவம் முடிந்து குழந்தை வளரும்வரை தள்ளிப்போடுங்கள். ஆமை பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் சால்மோனெல்லாவைச் சுமக்கும். சிறுபிள்ளைகள் வாயில் வைக்கிற அளவு இருக்கிறது என்றுதான் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975-ல் தடைசெய்தது. கிளியின் காய்ந்த எச்சத்தூசியில் நிமோனியா வரும். வெள்ளெலி சுமக்கும் ஒரு வைரஸ் கருவைப் பாதிக்கக்கூடியது.

நோய் ஒருவழிப் பாதையும் இல்லை. நமக்குச் சளிக்காய்ச்சல் இருக்கும்போது பூனைக்கு முத்தம் கொடுத்தால் இன்ஃப்ளுயன்சாவும் கொரோனாவும் அதற்குப் போகலாம், போயிருக்கின்றன.

யாரும் கேட்காத ஓர் ஆபத்தையும் சேர்த்துவிடுகிறேன். நாய், பூனை தடுக்கி விழுந்து அடிபட்டு அமெரிக்க அவசரச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தவர்கள் 2001 முதல் 2006 வரை ஆண்டுக்குச் சராசரியாக 86,000-க்கும் மேல் என்று அந்த நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டது. வயிறு பெரிதாகிக் காலடி தெரியாமல் போகும் மாதங்களில், இருட்டில் கழிப்பறைக்கு எழும்போது காலைச் சுற்றும் பூனைதான் உங்களுக்கு டாக்சோபிளாஸ்மாவைவிட நிஜமான தொல்லை. வழியில் ஒரு சின்ன விளக்கை எரியவிடுங்கள்.

வீட்டில் யாருக்காவது காரணம் தெரியாத காய்ச்சல், நெறிக்கட்டு, ஆறாத புண், விடாத இருமல் என்று மருத்துவரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும் வீட்டில் என்ன விலங்கு இருக்கிறது, எப்போது கடித்தது அல்லது பிராண்டியது, அதற்குக் கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள். பலர் இதைச் சொல்வதில்லை. சில சோதனைகள் அந்த ஒரு தகவலைக் கேட்ட பிறகுதான் மருத்துவருக்குத் தோன்றும்.